சிவப்புப் புள்ளி இல்லாத மோட்டார்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே சொல்லிவிடுவது கௌரவம்.

பக்கத்து அறையில் என் மனைவி, தான் புதிதாக எழுதிய கதையைப் போனில் யாருக்கோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. சொற்கள் கேட்கவில்லை, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கிறது. நடுநடுவே நிறுத்துகிறாள். அந்தப் பக்கம் இருப்பவர் சிரிக்கிறார் போலிருக்கிறது, இவளும் சேர்ந்து சிரிக்கிறாள். சமீப காலம்வரை இவள் எழுதியதையெல்லாம் முதலில் கேட்டவன் நான். கையில் பென்சிலோடு எதிரே உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தையும் சும்மா விடாமல் கேட்டவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே அந்த வேலை கைமாறிவிட்டது.

இதை உள்ளபடி எழுதினால் அவள் படித்தவுடனே பிடித்துவிடுவாள். அதனால் எழுத்தாளனைக் கடைக்காரன் ஆக்கினேன். கதையை மோட்டார் ஆக்கினேன்.

ஏன் மோட்டார் என்றால், அன்றைக்கு மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் கடைக்கு பேட்டரி வாங்கப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் இருந்தவர், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு நீல மோட்டாரைக் காதருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் என்னவோ செய்துகொண்டிருந்தார். எதிரே நின்ற பெண் மோட்டாரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சரியாக என்ன செய்தார் என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு அந்த ஆள்மேல் ஒரே எரிச்சல். பேட்டரியோடு ஒரு நீல மோட்டாரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது என் மேஜைமேல் இருக்கிறது. யோசனை ஓடாதபோது எடுத்துத் திருகிக்கொண்டிருப்பேன்.

2

கடைக்காரன் அன்று மாலை கடையைச் சாத்தும்போது வானம்

வேண்டாம். வானம் வந்துவிட்டால் நான் அதையே எழுதிக்கொண்டிருப்பேன்.

மைக்ரோ சர்வோ மோட்டார் என்பது மின்

பாடப்புத்தகம். (ஆனாலும் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்விசிறி மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ அப்படியல்ல. இந்த இடத்துக்குத் திரும்பு, அங்கேயே நில் என்றால் திரும்பி நிற்கும். ரோபோவின் விரல், கழுத்து, கண்ணிமை எல்லாம் அதைக் கொண்டுதான் அசையும். மூன்று கம்பிகள், தலையில் ஒரு சின்ன வெள்ளைக் கொம்பு. உள்ளே பற்சக்கரங்கள். அவ்வளவுதான்.)

கடைக்காரனுக்குக் கைராசி உண்டு.

இந்த வரி நிற்கிறது. இதை வைத்துக்கொள்வோம்.

கடைக்காரனுக்குக் கைராசி உண்டு என்று ரோபோ செய்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே பெட்டியில் வரும் மோட்டார்களிலேயே ஒன்று வருஷக்கணக்கில் உழைக்கும், இன்னொன்று வாங்கிய வேகத்தில் படுத்துவிடும். எது எப்படிப்பட்டது என்று மேலே எழுதியிருக்காது. கடைக்காரன் ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைக் கொம்பை மாட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் திருகுவான். கடைசியில் போய் முட்டும் இடத்தில் செல்லமாக ஓர் அழுத்து அழுத்துவான். உள்ளே பற்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது அந்த அழுத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். தேறியதற்கு ஒரு சிவப்புப் புள்ளி. தேறாதது பெட்டிக்கே திரும்பிப் போகும்.

சிவப்புப் புள்ளி அவளால் வந்தது. அவள் முதன்முதலாகக் கடைக்கு வந்த நாளில், தேர்ந்தெடுத்த மோட்டார்களை மற்றவையோடு கலந்துவிடாமல் அடையாளம் வைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. அவன் திருகும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் புள்ளி கல்யாணத்தில் போய் முடிந்தது. அவள் நகப்பூச்சு பூசுவதை எப்போதோ விட்டுவிட்டாள். அவன் மட்டும் அதே சிவப்பைத் தேடிப்பிடித்து வாங்கிக் கல்லாவில் வைத்திருக்கிறான்.

(என் மனைவி நகப்பூச்சு பூசியதே கிடையாது. தயவுசெய்து இதைக் கவனியுங்கள். இது அவள் இல்லை.)

3

அவள் செய்வது, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் கருவி. கை அசைக்க முடியாமல் படுத்திருப்பவர்களுக்காக. ஒரு மோட்டார் தாளின் ஓரத்தைத் தூக்கும், ஒன்று அதை அந்தப் பக்கம் தள்ளும், ஒன்று புரண்ட தாளை அமுக்கிப் பிடிக்கும். மோட்டார் நடுங்கினால் தாள் கிழியும். பல் வழுக்கினால் இரண்டு தாள் சேர்ந்து புரளும். படுத்திருப்பவர் கதையில் ஒரு பக்கத்தை இழப்பார், எழுந்து சரிசெய்ய அவரால் முடியாது. இந்த வேலைக்கு ஏனோதானோ மோட்டார் உதவாது.

கட்டுரைக்குள் கால் வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல மோட்டாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் கடைக்காரன் மணிக்கணக்கில் பேசுவான். உலோகப் பல் உயர்ந்தது, பிளாஸ்டிக் பல் மட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது என்பான். லேசான வேலைக்கு பிளாஸ்டிக் பல் சத்தம் குறைவாகப் போடும். உலோகம் என்று மேலே ஒட்டியிருப்பதில்கூட, திறந்து பார்த்தால் நடுவில் ஒரு சக்கரம் பிளாஸ்டிக்காக இருக்கும். வேலை செய்யாமல் சும்மா நிற்கும்போது முனகுகிறதா என்று கேட்க வேண்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்பி, அதே இடத்தில் வந்து நிற்கிறதா, ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுமையைத் தூக்கி அப்படியே பிடித்திருக்கும்போது தொட்டால் சுடக்கூடாது. அப்புறம், மோட்டார்களுக்கெல்லாம் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். கருவிக்கு மூளையாக இருக்கும் மின்பலகைக்குப் போகும் மின்சாரத்திலிருந்தே பிடுங்கிக் கொடுத்தால் எவ்வளவு நல்ல மோட்டாரும் நடுங்கும். ஆட்கள் அதை மோட்டாரின் குற்றம் என்று எண்ணித் தூக்கி எறிவார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசியில், "இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கை சொல்லணும்" என்பான். அங்கேதான் எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள்.

அவளுடைய கருவிக்கு மோட்டார் பார்த்துக் கொடுப்பது அவனுக்குக் கடை வேலை அல்ல. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் பெட்டியைத் திறந்து உட்காருவான். எத்தனையோ மோட்டார்களில் தேறும் ஒன்றிரண்டைப் புள்ளி வைத்து, சட்டைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வருவான். மற்ற கணவர்கள் மனைவிக்கு என்ன கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் கொண்டுபோனது இதைத்தான்.

4

மறுநாள் காலை கருவியை மருத்துவமனையில் ஓட்டிக் காட்ட வேண்டும். நாள் முழுக்க ஒரு நோயாளியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தடங்கல் இல்லாமல் ஓடினால், எல்லாப் படுக்கைக்கும் அதையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

கடைக்காரன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் கருவி இருந்தது. பக்கத்தில் காபி குடித்த இரண்டு டம்ளர்கள். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். ஒரு டம்ளர் அவளுடையது. இன்னொன்று நெட்டையுடையது. கருவிக்கு வயரிங் செய்து கொடுக்க வருபவன் அவன். வாசற்படியில் குனிந்துதான் உள்ளே வருவான். அவன் சொல்வதற்கெல்லாம் அவள் சிரிப்பாள். கடைக்காரன் சொல்வதற்கும் ஒரு காலத்தில் சிரித்தாள்தான். கணக்குப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் அவனுடைய மனசு கணக்குப் பார்த்தது.

ஒருமுறை பார்த்து வைப்போம் என்று கருவியின் அருகே குனிந்தான். முதல் மோட்டாரில் புள்ளி இல்லை. கவிழ்த்துப் பார்த்தான். இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதையும் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் கை படாத மோட்டார்கள். வேறு யாரோ பார்த்துக் கொடுத்தவை.

அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நெட்டை எந்தக் கடையில் வாங்கினான், எப்படிப் பார்த்து எடுத்தான், அவன் எடுத்துக் கொடுத்தபோது இவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றெல்லாம் மனசு படம் போட்டுக் காட்டியது. சட்டைப்பையில் அன்றைக்குப் புள்ளி வைத்த மூன்று மோட்டார்கள் கிடந்தன. கேட்காமலே கொண்டுவந்திருந்தான்.

கருவியை ஓட்டிப் பார்த்தான். தாளின் ஓரம் எழுந்தது, அந்தப் பக்கம் போனது, படிந்தது. ஒரு முனகல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. மட்டமான மோட்டாராக இருந்திருந்தால் மன்னித்திருப்பான்.

5

நெட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இவனை நான் கெட்டவனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரைவில் வாய் நாற்றம் கொடுத்தேன், ஒட்டவில்லை. இரண்டாவதில் பொய்க்காரன் ஆக்கினேன். அவன் சொன்ன பொய்கள் எல்லாம் அடுத்தவரைக் காப்பாற்றச் சொன்னவையாகவே வந்து விழுந்தன. தலைமுடியைக் கொஞ்சம் உதிர்த்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு இன்னும் நல்லவனாகத் தெரிந்தான். நான் எழுதிய ஆள்மேலேயே எனக்குப் பொறாமை வருகிறது. நீங்களும் அவன் பக்கம் சாய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். (அவனுக்கு அந்தச் சிரிப்பைக் கொடுத்தது என் தப்பு. அது பக்கத்து அறைப் போனிலிருந்து எடுத்தது. இப்போதும் கேட்கிறது.)

சரி, முடிவு. முதலில் எழுதியது இது:

கடைக்காரன் திருப்புளியை எடுத்து, அந்நிய மோட்டார்கள் மூன்றையும் கழற்றிவிட்டு, தன்னுடைய புள்ளி வைத்தவற்றை மாட்டினான். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் காதும் காதும் வைத்த மாதிரி வேலை முடிந்தது. மறுநாள் மருத்துவமனையில் கருவி நாள் முழுக்க ஓடியது. படுத்திருந்தவர் ஒரு நாவலை முடித்துவிட்டு அழுதார். எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அவள் நெட்டையைப் பாராட்டினாள். கடைக்காரன் மட்டும் ஓரமாக நின்று, கருவிக்குள்ளே இருக்கும் சிவப்புப் புள்ளிகளை நினைத்துச்

சிரித்துக்கொண்டான் என்று முடிப்பதாக இருந்தேன். சொல்லப்போனால் இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாருக்கும் அடி இல்லை, ஆனால் ஜெயித்தது நாங்கள். எழுதும்போது பக்கத்து அறைச் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

6

அந்த வரியை முடிக்குமுன், மோட்டார் ஓடும் சத்தத்தைச் சரியான சொல்லில் எழுத வேண்டுமே என்று, மேஜைமேல் இருந்த நீல மோட்டாரை பேட்டரியோடு இணைத்தேன். கடையில் கொடுத்த சின்னப் பெட்டியில் ஒரு குமிழ் இருக்கிறது, அதைத் திருப்பினால் மோட்டார் திரும்பும். கொம்பில் நூல் கட்டி, நூலில் ஒரு கரண்டியைத் தொங்கவிட்டேன்.

கரண்டி பாதி தூரம் ஏறியது. பிறகு கிர்ரென்று ஒரு சத்தம், கரண்டி கீழே வந்துவிட்டது. மறுபடி குமிழைத் திருப்பினேன். அதே இடம், அதே கிர்ர். மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சக்கரத்தில் பல் ஒன்று உடைந்து கிடந்தது.

வாங்கியபோது நன்றாக ஓடிய மோட்டார். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை, என்னைத் தவிர. நான்தான் யோசனை ஓடாதபோதெல்லாம் கொம்பைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகி, முட்டும் இடத்தில் செல்லமாக ஓர் அழுத்து அழுத்திக்கொண்டிருந்தேன். கடைக்காரன் செய்வதாக நான் எழுதினேனே, அதையேதான்.

தேடிப் படித்தேன். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். சர்வோவைக் கையால் திருகக்கூடாது. உள்ளே பற்கள் பொடிசு. வெளியே விரல் கொஞ்சமாகத் திருப்பினாலும் உள்ளே அது பெரிய பலமாகப் போய் இறங்கும். விரிசல் விட்டது உடனே தெரியாது. சும்மா ஓட்டினால் ஓடும். சுமை ஏறும்போதுதான் காலை வாரும்.

ஆக, நான் இரண்டாம் பகுதியில் அறியாமல் எழுதிய பிழை, கடைக்காரனின் பிழை ஆகிவிட்டது. அதை அடித்துவிட்டு, அவன் வேறு ஏதாவது செய்வதாக எழுதலாம். யோசித்தேன். ஆனால் அவள் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது அந்தத் திருகலின்போதுதான். அதை எடுத்தால் கல்யாணமும் போய்விடும். அதை வைத்துக்கொண்டால் என் அருமையான முடிவு போய்விடும். புள்ளி வைத்த மோட்டார்கள் மருத்துவமனையில் ஒரு நாள் தாங்காது.

7

ஆகவே இப்படி.

கடைக்காரன் திருப்புளியோடு முதல் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மேஜையைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். அவனுக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. கேட்டுவிடுவதே நல்லது என்று பட்டது.

"இந்த மோட்டாரை யார் பார்த்துக் குடுத்தது?"

"யாரும் இல்ல. நான்தான் எடுத்தேன்."

"எந்தக் கடையில?"

"நம்ம கடையிலதான். காலைல நீங்க கடை திறக்கும்போது கூட வந்தேனே, அப்ப அலமாரியிலேர்ந்து எடுத்தேன்." தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க தொடறதுக்கு முன்னாடி."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் சமையலறைக்குப் போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே அவன் இதுவரை கொண்டுவந்து கொடுத்த மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி. ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். அவன் கடைசியில் அழுத்தும் அந்த அழுத்தில்தான் பல்லில் விரிசல் விழுகிறது. புதிதில் ஒரு மோட்டார் போனபோது துரதிர்ஷ்டம் என்று விட்டாள். அப்புறம் அவன் கை பட்டதையும் படாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நூலில் கரண்டி கட்டி, பகல் முழுக்கத் தூக்க விட்டுப் பார்த்தாள். கை படாதது தூக்கிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அவன் கொண்டுவருவதை வாங்கி டப்பாவில் வைத்துவிட்டு, கருவிக்கு வேறு எடுத்துக்கொள்வாள். வழக்கமாகக் கல்லாவில் இருக்கும் நகப்பூச்சால் புள்ளியும் தானே வைத்துவிடுவாள். இந்த மூன்றுக்கும் வைக்க மறந்துவிட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ரொம்ப நாளா."

"சொல்லியிருக்கலாமே."

அவள் துண்டின் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அதைத் திருகறப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அதைப் பார்த்துட்டு எப்படிங்க சொல்றது?"

கடைக்காரன் தன் வலது கையைப் பார்த்தான். ஊரே ராசி என்று சொன்ன கை. இத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்த கை. கைராசி என்று வந்தவர்கள் எல்லோரும் மோட்டார் படுத்ததும் மறுபடி அவனிடமே ஓடிவந்ததற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அவள்மேல் அன்பாகவும் இருந்தது. நெட்டை ஒரு பாவமும் செய்யவில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. பொறாமை இங்கே தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. அவன் கேட்டான்:

"நெட்டைக்கு இது தெரியுமா?"

அவள் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரியும்" என்றாள்.

8

இதற்குக் கடைக்காரன் என்ன சொன்னான்?

எழுதிப் பார்த்தேன். "போகட்டும் விடு" என்று அவனைச் சொல்ல வைத்தேன், அவன் குரலே அதில் இல்லை. கோபத்தில் டப்பாவைக் கவிழ்க்கச் சொன்னேன். அவன் கையைத் தூக்கவே பயப்படுகிறான். சட்டைப்பையில் இருந்த மூன்றையும் எடுத்து, அவனே டப்பாவில் வைத்து மூடுவதாக எழுதினேன். அழகாகத்தான் இருந்தது, என் மனைவியின் கதையில் இந்த மாதிரி அழகு வந்தால் நான் பென்சிலால் அடித்துவிடுவேன்.

அவள் என்னிடம் வாசித்துக் காட்டிய கதைகளை நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகி, முடியும் இடத்தில் செல்லமாக ஒரு

இதை முடிக்க மாட்டேன். அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. போனில் கேட்கிறவருக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். அதுதான் எரிகிறது. அவர் அவளுடைய கதையைக் கேட்பதுகூட அல்ல, எனக்குத் தெரியாத என்னை அவருக்குத் தெரிந்திருக்குமோ என்பதுதான்.

கடைக்காரன் அங்கே மேஜைக்கு முன்னால் நிற்கிறான். கருவியில் ஒரு திருகாணி கழன்று கிடக்கிறது, காலையில் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதை மறுபடி மாட்ட வேண்டும். அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏனென்றால் பக்கத்து அறையில் வாசிப்பு நின்றுவிட்டது. போனை வைத்துவிட்டாள். தாள்களை அடுக்கும் சத்தம் கேட்கிறது. கதவு திறக்கிறது.

"வேலையா இருக்கீங்களா? ஒண்ணு எழுதியிருக்கேன், கேக்கறீங்களா?" என்கிறாள்.

என் கையில் பென்சில் இருக்கிறது.